பத்தாம் இடத்துக்கு ஒரு டீ

மாடம்பாக்கம்
25.2.2007, ஞாயிறு

அன்புள்ள மகன் ஹேமநாத்துக்கு நைனா எழுதுவது.

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மன்னித்துக்கொள். வரி மேலே ஏறுகிறது, பிறகு தானாகக் கீழே இறங்குகிறது. ‘ழ’ வரும்போது பேனா நின்றுவிடுகிறது. காலையில் எழுத உட்கார்ந்தேன். கேம்ப் ரோட்டில் மீன் விற்கப் போன உன் அம்மா கூடையைக் காலி செய்துகொண்டு திரும்பிவிட்டாள். நான் இன்னும் முதல் பக்கத்தில் இருக்கிறேன். ஆனால் யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. அறுபத்தேழு வயதில் நானே எழுதும் முதல் கடிதம் இது.

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். உன் அக்கா புஷ்பலதாவும் மாப்பிள்ளையும் சுகம். உன் சுகத்தை எழுது.

எழுதப் படிக்க நான் சேர்ந்திருக்கும் சாயந்திர வகுப்பில் லோகநாயகி டீச்சர், பேப்பரில் உங்களுக்குப் பிடித்த பக்கத்தைப் படியுங்கள் என்றார். மற்றவர்கள் தங்கம் விலை படித்தார்கள். நான் விளையாட்டுப் பக்கம் எடுத்தேன். தேசிய கால்பந்து லீக் என்று ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். ஒன்று ஒன்றாக எழுத்துக் கூட்டிக்கொண்டு கீழே வந்தேன். மாண்டோவி பிரதர்ஸ். உன் கிளப். பக்கத்தில் பத்து என்று இருந்தது. மொத்தமே பத்து கிளப்தான். அதில் பத்து உனக்கு! மேலே இருந்தவனுக்கு வெறும் ஒன்று.

தட்சிணாமூர்த்தி டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். பழைய ரயில்வே டீம் ஆட்டக்காரர் லாசரஸ் இருக்கிறாரே, அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே குடித்தார்.

சனிக்கிழமை உங்களுக்கும் ஹூக்ளி யூனியனுக்கும் ஆட்டம் என்று படித்தேன். நீங்கள் ஜெயிப்பீர்கள். உன் ஏழாம் நம்பர் சட்டை கோல் போடும். யார் ஜெயிப்பார்கள் என்று எழுதிவைக்கும் கடை ஸ்லேட்டில் அப்படியே எழுதிவிட்டேன். லாசரஸ் ஹூக்ளி என்று எழுதியிருக்கிறார். பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் நைனா
சின்னதம்பி

❖

மட்காவ்
4.3.2007

அன்புள்ள நைனாவுக்கு ஹேமநாத் எழுதுவது. நான் நல்ல சுகம். நீங்கள், அம்மா, அக்கா எல்லோரும் சுகம்தானே?

கடித உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். பிரித்து மூன்று தரம் படித்தேன். ரூமில் இருந்த எல்லோருக்கும் காட்டினேன்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். அந்தக் கட்டத்தில் ஒன்றுதான் முதல். பத்து என்றால் கடைசி. நாங்கள் கடைசியில் இருக்கிறோம்.

ஆனால் நேற்று நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டுக்கு ஒன்று என்று ஹூக்ளியை ஜெயித்துவிட்டோம். இரண்டில் ஒரு கோல் நான் போட்டது.

போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். நீங்கள் எழுதியதால் நானும் எழுதுகிறேன்.

ஹேமநாத்

❖

மாடம்பாக்கம்
11.3.2007, ஞாயிறு

அன்பு மகனுக்கு நைனா. சுகம், உன் சுகத்தை எழுது.

பத்து எப்படிக் கடைசி ஆகும்? எனக்கு இது மூளையில் ஏறவில்லை. கரையில் மீன் ஏலம் போட்டால் பத்து சொன்னவன் ஒன்று சொன்னவனிடம் தோற்பானா? நாற்பது வருஷம் ஏலத்தில் நின்றவன் நான். டீச்சரிடம் கேட்டேன். வகுப்பில் முதல் ரேங்க், பத்தாம் ரேங்க் மாதிரி என்றார். நான் எந்த ரேங்க் வாங்கினேன் அதெல்லாம் தெரிய?

லாசரஸிடம் சண்டைக்குப் போனேன். “யோவ், தெரிஞ்சிக்கினே ஏன்யா வாய மூடிக்கினு டீ குட்ச்ச?” என்று கேட்டேன். “அவ்ளோ சந்தோசமா ஊத்திக் குட்க்கற நீ, கீயருந்து மொத எடம்னு சொல்லி அத்த கெடுக்க சொல்றியா பெர்சு?” என்றார். கடையே சிரித்தது. நானும்தான்.

ஸ்லேட்டில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு விழுந்திருக்கிறது. நான் சொன்னது பலித்தது, லாசரஸ் சொன்னது பலிக்கவில்லை. ஆனால் ஒரு குழப்பம். உன் கோலைப் பேப்பரில் தேடினேன். இரண்டு கோலும் ப்ரூனோ போட்டதாக எழுதியிருக்கிறான். நூலகத்துக்குப் போய் வேறு இரண்டு பேப்பரும் பார்த்தேன். அதிலும் ப்ரூனோ, ப்ரூனோ. என் விரல் கறுத்ததுதான் மிச்சம். உன் பெயர் எங்கே?

அடுத்த இரண்டு ஆட்டமும் உங்களுக்குத்தான் என்று எழுதியிருக்கிறேன். லாசரஸ் இரண்டிலும் உங்களுக்கு எதிராக எழுதியிருக்கிறார்.

வெயிலில் ஆடினால் மோர் குடி.

நைனா

❖

மட்காவ்
19.3.2007

அன்புள்ள நைனாவுக்கு, நான் சுகம்.

பேப்பரில் சில சமயம் தப்பாக வரும். யார் போட்டால் என்ன, ஜெயித்தோமே. அதை விடுங்கள்.

இங்கே மீன் குழம்பில் புளிக்குப் பதிலாக வேறு ஒரு காயைப் போடுகிறார்கள். நிறம் கருஞ்சிவப்பு. அம்மா பார்த்தால் தட்டைத் தள்ளிவிடுவாள். எனக்குப் பழகிவிட்டது.

சனிக்கிழமை தோற்றோம். அதற்கு முன் புதன்கிழமை நடந்த ஆட்டமும் தோல்விதான். லாசரஸ் அண்ணன் சொன்னதுதான் நடந்தது.

அம்மாவுக்குக் கால்வலி எப்படி இருக்கிறது?

ஹேமநாத்

❖

மாடம்பாக்கம்
25.3.2007, ஞாயிறு

அன்பு மகனுக்கு நைனா எழுதுவது. அம்மாவின் கால்வலி பரவாயில்லை. எல்லோரும் சுகம்.

நீ விடச் சொன்னாய். நான் விடவில்லை. என் மகன் போட்ட கோலை இன்னொருவன் பெயரில் எழுதினால் அது திருட்டு இல்லையா? என் வலையில் விழுந்த மீனை இன்னொருவன் கூடையில் போட்டால் சும்மா இருப்பேனா? பேப்பர் ஆபீசுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். தபால் பெட்டியில் போட்டும்விட்டேன். டீச்சர் திருத்தித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். உனக்குத் தெரிய இங்கே எழுதுகிறேன்:

‘ஐயா, மார்ச் மூன்றாம் தேதி கோவாவில் நடந்த ஆட்டத்தில் ஏழாம் நம்பர் ஹேமநாத் ஒரு கோல் போட்டான். உங்கள் பேப்பரில் வரவில்லை. அவன் பெயரைப் படிப்பதற்காகத்தான் நான் படிக்கவே கற்றுக்கொண்டேன். தயவு செய்து சரியாகப் போடவும். இப்படிக்கு, எழுதப் படிக்கத் தெரிந்த சின்னதம்பி, மாடம்பாக்கம்.’

நன்றாக இருக்கிறதா? கடைசி வரியை நினைத்து நானே நாலு தரம் சிரித்தேன்.

இந்த வாரக் குழப்பம் இது. போன சனிக்கிழமை தோற்றீர்கள். ஆனால் கட்டத்தில் பத்திலிருந்து ஒன்பதுக்கு ஏறியிருக்கிறீர்கள். தோற்றவன் எப்படி ஏறுவான்? இப்போது உனக்குக் கீழே இருப்பவன் இன்னும் பெரிதாகத் தோற்றானாம். ஜெயித்தபோது பத்திலேயே கிடந்தீர்கள், தோற்றதும் ஏறுகிறீர்கள்.

லாசரஸ் இன்னொன்றும் சொன்னார். கடைசி இரண்டு இடத்தில் முடித்தால் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்களாம். அப்படி ஆனால் உங்கள் கம்பெனி கிளப்பையே மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று பேச்சாம். உண்மையா? உன் வேலை என்ன ஆகும்?

ஸ்லேட்டில் லாசரஸ் எனக்கு மேலே போய்விட்டார். நான் மறுபடியும் உங்களுக்குத்தான் எழுதியிருக்கிறேன்.

நைனா

❖

மட்காவ்
31.3.2007

நைனா,

பேப்பருக்கு எழுதிய கடிதத்தைத் திரும்ப வாங்க முடியுமா? இனிமேல் எழுத வேண்டாம். நான் சுகம். கிளப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

ஹேமநாத்

❖

மாடம்பாக்கம்
8.4.2007, ஞாயிறு

அன்பு மகனுக்கு நைனா. சுகம்.

தபால் பெட்டியில் போட்டதை எப்படித் திரும்ப வாங்குவது? போஸ்ட்மேனைக் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மாவிடம் எதைச் சொல்லக் கூடாது என்கிறாய்? எனக்கே ஒன்றும் தெரியாதே. உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் தப்பித்தேன். படிக்கக் கற்றுக்கொண்டது இதற்கும் உதவுகிறது. அவள், “புள்ளைக்கு வெக்கம், பேப்பர்ல கேட்டு வாங்கனா மருவாதயா கீதா?” என்றாள். அப்படித்தானா?

இன்னும் மூன்று ஆட்டம் இருக்கிறது. மூன்றையும் எழுதிவிட்டேன். ஏழாம் நம்பர் மூன்றிலும் கோல்.

பதில் எழுது.

நைனா

❖

(அஞ்சலட்டை)

11.4.2007

திரு. சின்னதம்பி அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் கோவா நிருபரிடம் விசாரித்தோம். மார்ச் 3 ஆட்டத்தின் இரண்டு கோல்களையும் போட்டவர் ப்ரூனோதான். திரு. ஹேமநாத் அன்று ஆடவில்லை. பிப்ரவரியில் பயிற்சியின்போது வலது முழங்காலில் பலத்த காயம் பட்டு, அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஓய்வில் இருப்பதாகத் தெரிகிறது. இந்த சீசனில் அவர் ஆட வாய்ப்பில்லை.

அவர் விரைவில் குணமடைய வாழ்த்துகிறோம். தங்கள் கடைசி வரியை அலுவலகத்தில் எல்லோரும் படித்தோம்.

வைத்தீஸ்வரன்
விளையாட்டுப் பகுதி

❖

மாடம்பாக்கம்
22.4.2007, ஞாயிறு

அன்பு மகன் ஹேமநாத்துக்கு நைனா எழுதுவது. நாங்கள் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கை, கால், முழங்கால் எல்லாம் எப்படி?

போன ஞாயிறு எழுதவில்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டது. பேப்பர் ஆபீசிலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை. பெரிய ஆபீஸ், நம் கடிதம் எந்த மூலையில் கிடக்கிறதோ. நீ கவலைப்படாதே. உன்னிடமிருந்தும் மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. அதுவும் பரவாயில்லை.

இன்றைக்கு ஆட்டம் பற்றி எழுதவில்லை. வேறு ஒன்று எழுதுகிறேன். நீ பிறப்பதற்கு முன் நடந்தது. கோவளத்தில் இருந்தபோது திருக்கை மீன் வால் முள் என் காலில் ஏறிவிட்டது. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. மூன்று மாதம் கட்டுமரம் ஏறவில்லை. ஆனால் என் ஆட்கள் கரைக்கு வந்ததும் மீனை நாலு கூறு போடுவார்கள். கடலுக்குப் போனவர்கள் மூன்று பேர், கூறு நாலு. நாலாவது எனக்கு. அதுதான் நம் வழக்கம், உனக்கும் தெரியும்.

எனக்கு அதை வாங்க வெட்கம். மரம் வரும் நேரத்தில் குடிசைக்குள் போய்ப் படுத்துக்கொள்வேன். ஒரு நாள் உன் அம்மா வந்து கூடையை என் முன்னால் வைத்தாள். “இன்னா, கூறு போட்டவனுங்கோ உன்ன செத்துட்டன்னு நென்ச்சிக்கினா போட்டானுங்கோ? கால் ஆறினா வருவன்னுதான்யா போட்டானுங்கோ. எய்ந்து வா, வந்து வாங்கு” என்றாள். அவள் கூடவே நொண்டிக்கொண்டு போனேன். யாரும் என் காலைப் பார்க்கவில்லை.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. நினைவுக்கு வந்தது, எழுதினேன்.

கடைசி ஆட்டம் மே ஐந்தாம் தேதி. வழக்கமாக ஸ்லேட்டில் எழுதுவோம். இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் ஆளுக்கொரு உறையில் எழுதி ஒட்டிக் கொடுப்போம் என்று நான்தான் சொன்னேன். தட்சிணாமூர்த்தி எல்லா உறைகளையும் பிஸ்கட் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார். தோற்றவர் கடைக்கே டீ வாங்கித் தர வேண்டும்.

நான் எழுதியதையே இன்னொரு தாளில் எழுதி, மடித்து ஒட்டி இதோடு வைத்திருக்கிறேன். ஆட்டம் முடிந்த பிறகு பிரி. அதற்கு முன் பிரிக்காதே. சாப்பிடாமல் இருக்காதே.

நைனா

❖

மட்காவ்
7.5.2007

அன்புள்ள நைனாவுக்கு,

நேற்றுதான் அந்தத் தாளைப் பிரித்தேன். சனிக்கிழமையே பிரித்திருக்கலாம், கை வரவில்லை. ‘ஒன்று: மாண்டோவி பிரதர்ஸ் ஜெயிக்கும். இரண்டு: ஹேமநாத் ஆட மாட்டான்’ என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் பலித்துவிட்டது.

எப்போது தெரியும் என்று கேட்க மாட்டேன். முழங்கால் எப்படி என்று நீங்கள் கேட்டதை முதலில் படித்தபோது கவனிக்கவில்லை. நேற்று மறுபடி படித்தேன்.

பிப்ரவரி பத்தாம் தேதி பிராக்டீசில் முழங்கால் திருகிக்கொண்டது. இருபதாம் தேதி ஆபரேஷன். உங்கள் முதல் கடிதம் வந்தபோது கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தேன். பத்தாம் இடம் வந்ததற்கு ஊருக்கே டீ வாங்கிக் கொடுத்தவரிடம், நான் ஆடவே இல்லை என்று எப்படி எழுதுவது? ஏழாம் நம்பர் கோல் போடும் என்று எழுதியிருந்தீர்கள். போட்டேன் என்று எழுதிவிட்டேன். ஒரு கோல்தானே என்று நினைத்தேன். நீங்கள் பேப்பருக்கே எழுதுவீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு எல்லா ஆட்டத்தையும் கோட்டுக்கு வெளியே இருந்துதான் பார்த்தேன். நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள். அதில் உட்கார வெட்கமாக இருக்கும், தூணுக்குப் பின்னால் நிற்பேன். கூறு பற்றி நீங்கள் எழுதிய பிறகு, சனிக்கிழமை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஆட்டம் முடிந்து ப்ரூனோ ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். நாங்கள் ஜெயித்தோம். ஆனால் எட்டாம் இடத்தில் இருந்த கொச்சி போர்ட்டும் ஜெயித்துவிட்டது. அதனால் நாங்கள் இறங்கிவிட்டோம். கிளப்பை மூடப்போவதாக இன்று காலை சொல்லிவிட்டார்கள்.

திரும்ப ஆடுவேனா என்று டாக்டரைக் கேட்டேன். ஆறு மாதம் கழித்துக் கேள் என்றார். என்ன செய்வது என்று புரியவில்லை. வெறும் ஆளாக வந்து நின்றால் அம்மாவிடம் என்ன சொல்வது என்றும் புரியவில்லை. வரட்டுமா?

ஹேமநாத்

❖

மாடம்பாக்கம்
13.5.2007, ஞாயிறு

அன்பு மகன் ஹேமநாத்துக்கு நைனா எழுதுவது.

வா.

இதை முதலில் எழுதிவிட்டேன். மற்றதை மெதுவாக எழுதுகிறேன்.

பேப்பர் ஆபீசிலிருந்து பதில் வரவில்லை என்று போன கடிதத்தில் எழுதினேன். அது பொய். அட்டை வந்தது. அதை வாசலில் நின்றே படித்தேன். ‘முழங்கால்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்த ‘ழ’ எனக்குத் தெரிந்த எழுத்துதான், ஆனால் படித்த பிறகும் நம்ப முடியவில்லை. வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாமா என்று பார்த்தேன். முன்னெல்லாம் அப்படித்தானே செய்வேன். பிறகு அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அம்மா என்ன தபால் என்று கேட்டாள். வரி ரசீது என்றேன்.

நீ எழுதியது ஒரு பொய், நான் எழுதியது ஒரு பொய், அவளிடம் சொன்னது இன்னொன்று. நம் இரண்டு பேரில் யார் மேலே, யார் கீழே என்று கட்டம் போட்டால் நான் பத்தாம் இடம்.

நேற்று அவளுக்கு உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டுக் கூடையைக் கழுவி வைத்தாள். பிறகு, “நொண்டிக்கினு வந்தா இன்னா, வரச் சொல்லு. அந்தக் கருப்புக் கொயம்ப துன்னுதான் கால் ஆறல” என்றாள். சங்கரா மீன் வைக்கப் போகிறாளாம்.

போன ஞாயிறு கடையில் பாட்டிலைத் திறந்தார்கள். தட்சிணாமூர்த்தி என் உறையைப் பிரித்து உரக்கப் படித்தார். ‘ஹேமநாத் ஆட மாட்டான்’ என்றதும் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்தார்கள். அடுத்து லாசரஸின் உறை. ‘மாண்டோவி தோற்கும். ஹேமநாத் ஆடுவான், ஒரு கோல் போடுவான்’ என்று இருந்தது. இரண்டும் தப்பு. சீசன் முழுக்க முக்கால்வாசி சரியாகச் சொன்ன ஆள், இந்த ஒரு ஆட்டத்தில் இரண்டும் தப்பு. கிளப் தோற்குமாம், நீ கோல் போடுவாயாம். இது எந்த ஊர்க் கணக்கு என்று எனக்கு ஒரே குழப்பம்.

அவரைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டேன். டிவியில் மார்ச் மாதமே உன்னைப் பார்த்திருக்கிறார். தூணுக்குப் பின்னால், கக்கத்தில் ஊன்றுகட்டையோடு. ஏழாம் நம்பர் இல்லாத டீம் தோற்கும் என்று தெரிந்துதான் அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் எனக்கு எதிராக எழுதியிருக்கிறார். காரணத்தை மட்டும் ஒரு நாளும் சொல்லவில்லை.

“அப்போ கடைசீல ஏன்யா ஆடுவான்னு எய்துன?” என்றேன்.

“நீ அத்தத்தான் எய்துவன்னு நென்ச்சேன் பெர்சு. ஒரு வாட்டியாவது உங்கூட சேந்து தோக்கலாம்னு பாத்தா, நீ ஜெய்ச்சிட்ட” என்றார்.

கடையில் எல்லோருக்கும் அவர்தான் டீ வாங்கிக் கொடுத்தார். பத்தாம் இடத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தேனே, அதே ஆட்கள். உனக்கும் ஒரு டீ பாக்கி இருக்கிறதாம், வந்து குடிக்கச் சொன்னார்.

ஜெயித்த பிறகும் எப்படி இறங்கினீர்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. லாசரஸ் மூன்று தரம் விளக்கினார். அவர் விளக்க விளக்க எனக்கு இன்னும் குழம்புகிறது. ஒன்று மட்டும் புரிகிறது. அந்தக் கட்டத்தை இனிமேல் நான் படிக்க வேண்டியதில்லை. வேறு பக்கம் படிக்கலாம். திரும்ப ஆடுவேனா என்று டாக்டரைக் கேட்டாயாம். அதை நான் எந்த உறையிலும் எழுதி ஒட்ட மாட்டேன். ஆறு மாதம் ஆகட்டும். அதுவரை இந்த வீட்டில் தினமும் ஒரு கூறு உனக்கு இருக்கும்.

சென்ட்ரலுக்கு மாப்பிள்ளை வருவார். படி ஏறாதே, அவர் வரும்வரை பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திரு. உட்கார நாற்காலி கொடுத்தால் வெட்கப்படாமல் வாங்கிக்கொள்.

அடுத்த ஞாயிறு நீ இங்கே இருப்பாய். இருந்தாலும் எழுதுவேன். இப்போதுதான் ‘ழ’ கொஞ்சம் ஒழுங்காக வருகிறது, அதை விடுவதற்கில்லை. நம் வீட்டு விலாசத்துக்கே உன் பெயர் போட்டுத் தபால் பெட்டியில் போடுகிறேன். போஸ்ட்மேன் வந்து கூப்பிட்டால் நீயே எழுந்து, மெதுவாக நடந்து, வாசலில் வாங்கிக்கொள்.

உன் நைனா
சின்னதம்பி